அப்பாவுக்கு மறுபடி டிபி: பழைய கிருமியா, புதுசா?

நன்னிலத்துக்காரன்:
அப்பாவுக்கு 4 வருஷம் முன்னால் டிபி வந்து, 6 மாதம் மாத்திரை முழுசாகச் சாப்பிட்டுக் குணமானார். இந்தக் குறுவை அறுப்பு முடிந்ததிலிருந்து திரும்ப இருமல், சளியில் கிருமி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கும் போன வருஷம் இதே நோய், ரெண்டு பேரும் மோட்டார் கொட்டகையில் மணிக்கணக்கில் ஒன்றாக உட்கார்ந்திருப்பவர்கள். ஊரில் ஆளாளுக்கு 'மாத்திரையைப் பாதியில் விட்டிருப்பார்' என்கிறார்கள், அதுதான் எரிச்சல். கிருமியின் டிஎன்ஏ கைரேகை பார்த்தால், பழையதே திரும்பியதா, பெரியப்பாவிடமிருந்து புதுசாக வந்ததா என்று தெரிந்துவிடுமாமே?

அகார்தட்டு:
தெரியும். டிபி கிருமியின் டிஎன்ஏவில் ஐஎஸ்6110 என்ற துண்டு அங்கங்கே செருகியிருக்கும், எத்தனை, எங்கெங்கே என்பது ரகத்துக்கு ரகம் மாறும். என்சைமால் வெட்டி ஜெல்லில் ஓட்டி அந்தத் துண்டை மட்டும் தேடினால் கோடு கோடாக வரும். பத்துப் பன்னிரண்டு கோடும் அச்சு அசலாக ஒத்துப்போனால் ஒரே ரகம்.

பழையலேப்:
தம்பி, அது புத்தகத்துக்குச் சரி, நம்ம பக்கம் எடுபடாது. தென்னிந்தியக் கிருமிகள் நிறையவற்றில் அந்தத் துண்டு ஒன்றே ஒன்றுதான், சிலதில் அதுவும் கிடையாது. நான் ப்ராஜெக்ட் செய்தபோது ஃபிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தால் வரிசை வரிசையாக ஒற்றைக் கோடு, எல்லாம் ஒரே மட்டத்தில். தெரு முழுக்க முருகேசன் என்று பெயர் வைத்துவிட்டு முருகேசனைத் தேடுகிற கதைதான். அதனால் 43 இடங்களைப் பார்க்கிற ஸ்பாலிகோடைப்பிங்கும், 24 இடங்களில் எத்தனை தடவை திரும்ப வருகிறது என்று எண்ணுகிற மிரு முறையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இப்போது ஜீனோம் முழுவதையும் படித்துவிடுகிறார்கள், கிட்டத்தட்ட 44 லட்சம் எழுத்து, அதில் மாறுவது ரெண்டு வருஷத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான். வித்தியாசம் ஐந்துக்குள் இருந்தால் நெருங்கிய உறவு, 12க்கு மேல் போனால் வேறு இடத்திலிருந்து வந்தது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் 4 வருஷம் முந்தைய கிருமி கல்ச்சராக, அதாவது லேபில் வளர்த்து வைத்ததாக, யாரிடமாவது இருக்கிறதா? அது இல்லாமல் எதோடு ஒப்பிடுவது? இன்னொரு சிக்கல், பெரியப்பாவுக்கு உங்கள் அப்பாவிடமிருந்தே தொற்றி, அதுவே திரும்பி வந்திருந்தால் கைரேகை ஒன்றாகத்தான் இருக்கும்.

வடவாற்றங்கரை:
இதெல்லாம் அப்புறம். டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் எடுபடுமா என்று சிபிநாட் (சளியில் கிருமியின் மரபணுவைப் பார்க்கிற டெஸ்ட்) பார்த்தாச்சா? மருந்து அதை வைத்துத்தான். வீட்டில் மற்றவர்களையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

நன்னிலத்துக்காரன்:
பார்த்தாச்சு அண்ணே, எடுபடுமாம். 4 வருஷம் முன்னால் அப்பா சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்த்ததோடு சரி, கல்ச்சர் போடவே இல்லை. பெரியப்பா சளியைத்தான் கல்ச்சருக்கு அனுப்பினார்கள், அது கிடக்கிறதா என்று திங்கட்கிழமை கேட்கிறேன்.