ராவென்னாவின் நல்ல மேய்ப்பன்: பொன் அங்கி போட்டவர் ஆடு மேய்ப்பாரா?

ஓவியப்பித்தன்:
இத்தாலியின் ராவென்னாவில் கல்லா பிளாசிடியா நினைவுமண்டபம் என்று ஒரு சிறிய செங்கல் கட்டடம் உண்டு. 5ஆம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்தது. உள்ளே வாசலுக்கு மேலே, அரைவட்டச் சுவரில், நல்ல மேய்ப்பனாக இயேசு. மொசைக் வேலை, அதாவது சின்னச் சின்ன வண்ணச் சில்லுகளைப் பதித்த படம். பார்த்தவர்கள் எல்லாம் உருகுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பொன் அங்கி, ஊதா மேலாடை, ஒளிவட்டம். கோல் இருக்க வேண்டிய கையில் பொற்சிலுவை! ஊதா அன்றைக்குப் பேரரசரின் நிறம். ரோமில் பிரிசில்லா நிலவறைக் கல்லறையில் 3ஆம் நூற்றாண்டில் வரைந்த மேய்ப்பனைப் பாருங்கள். குட்டை அங்கி, தோளில் ஆடு. அவன் உழைப்பாளி. இவர் கொலுவீற்றிருக்கிறார்.

செம்மறி:
சார், உடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி? அவர் வலது கையைப் பாருங்கள். உடம்பைத் திருப்பி, எட்டி, ஒரு ஆட்டின் முகவாயைத் தொடுகிறார். எங்கள் வீட்டில் தாத்தா காலம் வரை வயல்களில் கிடை போட்டவர்கள். புது ஆளிடம் ஆடு அப்படி முகத்தைக் கொடுக்காது. பக்கத்துக்கு மூன்றாக ஆறு ஆடுகள், ஆறும் அவரையே பார்க்கின்றன. கொலுமண்டபத்தில் இது நடக்குமா?

ஓவியப்பித்தன்:
குடிகள் அரசரைப் பார்ப்பதும் அப்படித்தான் தம்பி.

ஏட்டுச்சுவடி:
இருவருமே ஒன்றை மறக்கிறீர்கள். தோளில் ஆடு சுமக்கும் உருவம் கிறிஸ்தவர்களின் கண்டுபிடிப்பே இல்லை. கிரேக்கர்கள் ஹெர்மீஸ் தெய்வத்தை அப்படிச் செதுக்கினார்கள். வசதியான ரோமர்கள் கல் சவப்பெட்டிகளில் ஆட்டு மந்தையும் மேய்ப்பனுமாகச் செதுக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது நிம்மதியான நாட்டுப்புற வாழ்வின் படம். ஆக, பித்தன் சார் சொல்லும் அந்த 'உழைப்பாளி' பணக்காரர்களின் கனவாகவும் இருந்தவன். இன்னொன்று: வட இத்தாலியின் அக்விலேயாவில் பிஷப் தியோடோர் காலத்து மொசைக்கில், அதாவது 313ஐ ஒட்டிய ஆண்டுகளில், மேய்ப்பன் இன்னும் தோளில் ஆட்டோடுதான் நிற்கிறான், கையில் குழல்கூட உண்டு. அதுவும் மக்கள் நடக்கும் தரையில். கிறிஸ்தவத்தை ஆதரித்த பேரரசர் கான்ஸ்டன்டைன் வந்ததும் ஒரே நாளில் ஆடை மாறிவிடவில்லை.

(கட்டடத்தின் பெயரையும் நம்ப வேண்டாம். கல்லா பிளாசிடியா 450இல் ரோமில் இறந்தார். ராவென்னாவில் அடக்கம் ஆனதற்கு உறுதியான சான்று இல்லை.)

ஓவியப்பித்தன்:
சரி, ஒரே நாளில் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன திசை எது? அதே ராவென்னாவில் புதிய சாந்த் அப்போலினாரே தேவாலயத்தில், 6ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், ஊதா உடுத்திய இயேசு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். வலப்பக்கம் செம்மறிகள், இடப்பக்கம் வெள்ளாடுகள். தீர்ப்பு நாள். தொட்டுத் தடவுவது முடிந்துபோய், பிரித்து நிறுத்துவது தொடங்கிவிட்டது.

செம்மறி:
அது பைபிளில் மத்தேயு 25இல் வரும் காட்சி, மேய்ப்பனின் வேலைதான். மந்தையைப் பிரிக்காமல் எவன் மேய்த்தான்? நல்ல மேய்ப்பன் யோவான் 10இலிருந்து வருகிறார். இரண்டு படத்தையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள். அப்புறம், பிரிசில்லாவில் தோளில் இருப்பது வெள்ளாடு என்றே பலர் சொல்கிறார்கள். படத்தில் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஓவியப்பித்தன்:
அப்படியென்றால் என் வாதத்துக்கே பலம். முதலில் வெள்ளாட்டையும் தோளில் சுமந்தார். பிறகு இடப்பக்கம் நிறுத்திவிட்டார்!

ஏட்டுச்சுவடி:
ஹா, இது நல்ல அடி. ஆனால் 'இயேசு என்றால் பேரரசர் சாயல்' என்ற வாசிப்பைத் தாமஸ் மேத்யூஸ் என்ற கலை வரலாற்றாளர் 1993இலேயே கேள்வி கேட்டுவிட்டார். பொன்னும் ஒளிவட்டமும் பழைய தெய்வங்களுக்கும் இருந்தவை.

செம்மறி:
அந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் நேரே கண்ணில் படுவது மேய்ப்பன் இல்லை. எதிர்ச்சுவரில், எரியும் இரும்புக் கட்டிலை நோக்கி ஓடும் ஒரு புனிதர். அப்படிப்பட்ட கட்டிலில் வாட்டிக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் லாரன்ஸ் என்கிறார்கள். மேய்ப்பன் உங்கள் முதுகுக்குப் பின்னால், வாசலுக்கு மேலே. கொலுவீற்றிருக்கும் அரசரை யாராவது அங்கே வைப்பார்களா சார்?