லயத்துக் கழிவு நீரை நாணல் பாத்தியில் சுத்தம் பண்ணலாமா?

பீலிக்கரை (அட்டன் பக்கம்):
எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில் (வரிசை வீடுகளில்) 24 குடும்பம், ஏறக்குறைய 100 பேர். கக்கூசுத் தண்ணீர், குளிக்கிற தண்ணீர், சட்டி கழுவுகிற தண்ணீர் எல்லாம் கான் வழியாக ஓடையில் விழுகிறது. அந்த ஓடையில்தான் கீழ் லயத்துச் சனம் பீலி (நீர் விழும் குழாய்) வைத்துத் தண்ணீர் பிடிக்கிறது. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வருவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கல் நிரப்பி நாணல் நட்ட பாத்தி பற்றிக் கேள்விப்பட்டேன். தேயிலை பிடுங்கிய ஒரு துண்டு நிலம் கேட்டால் கிடைக்கும். இந்தக் குளிருக்குச் சரிவருமா? நுளம்பு பெருகாதா?

கான்வெட்டி:
சரிவரும், தம்பி. ஜெர்மனியில் 1950களிலேயே கேத்தே சைடல் என்ற அம்மையார் நாணலை வைத்து இதைத் தொடங்கிவிட்டார். அங்குள்ள குளிர் நமக்கு இல்லை. குளிரில் அழுக்கைத் தின்னும் கிருமிகளின் வேலை மந்தமாகும், அதனால் இடத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஆளுக்கு இரண்டரைச் சதுர மீற்றர் வைத்தால் 250 சதுர மீற்றர், பத்துப் பேர்ச்.

ஆனால் முதல் காசைப் பாத்தியில் போடாதீர்கள். இரண்டு அறை உள்ள மலத்தொட்டிதான் முதலில். மண்டி அங்கே படியாவிட்டால் கல்லிடுக்கு அடைத்துப் பாத்தி செத்துப்போகும். தொட்டியை அள்ள பவுசர் (தொட்டி லொறி) வந்து நிற்கிற இடமாகப் பாருங்கள்.

பாத்தி 60 சென்ரிமீற்றர் ஆழம், அடியில் தண்ணீர் கசியாத விரிப்பு, மேலே முக்கால் அங்குலக் கல். தண்ணீர் மட்டம் கல்லுக்குக் கீழேயே நிற்க வேண்டும். வெளியே தெரியாத தண்ணீரில் நுளம்பு முட்டையிடாது. சரிவில் ஒரே பாத்தியாக வெட்டாமல், தேயிலை நிரை மாதிரி மலையைச் சுற்றி இரண்டு மூன்று தட்டாக வெட்டுங்கள்.

மழைதான் எனக்குப் பெரிய கவலை. ஆளுக்கு நாளைக்கு 100 லீற்றர் என்றால் உங்கள் கழிவு நீர் 10 கன மீற்றர். அது ஐந்தாறு நாள் கல்லுக்குள் தங்கினால்தான் சுத்தமாகும். ஒரு நாளில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் பாத்தி மேல் விழுவதே 12 கன மீற்றரைத் தாண்டும். அதோடு கூரைத் தண்ணீரும் மலைத் தண்ணீரும் சேர்ந்தால் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே மேற்பக்கம் தனிக் கான் வெட்டி மழைநீரைத் திருப்பிவிடுங்கள்.

மலைச்சாரல்:
எந்தச் செடி நடலாம், அண்ணே?

கான்வெட்டி:
ஓடைக் கரையில் முளைக்கிற சம்பு போதும். கல்வாழையும் நன்றாக வரும், பூவும் கிடைக்கும். அழுக்கைத் தின்பது வேரிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும் கிருமிகள்தான், செடி அதற்குத் துணை.

பீலிக்கரை:
அப்போ வெளியே வரும் தண்ணீரைக் குடிக்கலாமா?

கான்வெட்டி:
கூடவே கூடாது. நோய்க்கிருமி நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குறையும். மீதி ஒரு பிள்ளையைப் படுக்க வைக்கப் போதும். பாத்தித் தண்ணீர் விழும் இடம் கீழ் லயத்துப் பீலிக்குக் கீழே இருக்கட்டும், அல்லது பீலியை மேலே மாற்றுங்கள். சுகாதாரப் பரிசோதகரை இப்போதே கூட்டிவந்து இடத்தைக் காட்டுங்கள்.