மறு: ஆஸ்ட்ரகான் – தமிழில் என்ன? (அவசரம்)

நண்பர்களே, பெரெனிகே பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்குள் கொடுக்க வேண்டும். எகிப்தில் செங்கடல் ஓரப் பாலையில், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இரண்டாம் தாலமி தன் தாய் பெயரில் அமைத்த துறைமுக ஊர். அதன் குப்பைமேட்டில், உடைந்த சாடித் துண்டுகளில் மையால் எழுதிய சுங்கச் சீட்டுகள் கிடைத்தன. ‘இன்னார் சரக்கை விடு’ என்று வாயில்காரருக்கு எழுதியவை. இந்த ஆஸ்ட்ரகானை எப்படிச் சொல்ல?

---

‘பானையோட்டுப் பொறிப்பு’ இருக்கிறதே! ஈரோடு பக்கம் அகழாய்வு நடந்த கொடுமணலுக்கு அதைத்தானே எழுதுகிறோம்?

---

> கொடுமணலுக்கு அதைத்தானே

ஐயா, அங்கே முழுப்பானையில் பெயரைக் கீறினார்கள், பானை பிறகு உடைந்தது. இங்கே பானை உடைந்த பிறகுதான் எழுத்தே வருகிறது. பெரெனிகேயிலேயே இரண்டும் உண்டு. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் ‘கொறபூமான்’ என்று படித்த தமிழ் பிராமி ஓடு முதல் வகை. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் கட்டுரை குழம்பும். ‘சில்லெழுத்து’ என்போம். பாண்டி ஆட ஓட்டாஞ்சில்லு பொறுக்காத ஊர் உண்டா?

---

மலையாளத்தில் சில்லெழுத்து வேறு: ൻ, ൽ, ൾ போன்ற தனி மெய்யெழுத்துகள். செம்பில் எழுதியது செப்பேடு என்றால், ஓட்டில் எழுதியது ‘ஓட்டேடு’.

---

வாயில் கூழாங்கல் போட்டதுபோல் இருக்கிறது. ஆனால் ‘ஓடு’ மட்டும் விடக்கூடாது. கிரேக்கத்திலும் ஆஸ்ட்ரகான் என்ற சொல்லுக்குச் சிப்பி, ஆமையோடு, மட்கலச் சில்லு மூன்றும் பொருள். நமக்கும் நத்தையோடு, ஆமையோடு, பானையோடு. ஓடு, ஓட்டு, ஓஸ்த்ர… வேரைத் தோண்டினால்—

---

தோண்டாதீர்கள் ஐயா, வெள்ளிக்கிழமை!

---

சுங்கச் சீட்டுதானே? ஓடு + சீட்டு = ஓட்டுச்சீட்டு. புணர்ச்சி சரி 🙂 ஏதென்ஸில் ஒருவரை நாடுகடத்த ஓட்டில் பெயர் கீறித்தான் ஓட்டே போட்டார்கள்.

---

வாசகர் பெரெனிகேயில் தேர்தல் நடந்தது என்று நினைப்பார். தவிர ‘ஓட்டு’ ஆங்கிலம்.

---

‘வாக்கு’ மட்டும்? வடமொழி.

---

அனைவருக்கும் நன்றி. ‘ஓட்டேடு’ என்றே அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் ‘உடைந்த மட்கலத் துண்டில் எழுதிய சீட்டு’ என்று விளக்கம் சேர்த்தேன்.

---

பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்: என் ஓட்டு சில்லெழுத்துக்கே.