சிங்கப்பூர் நிறுவனத்துக்கு 10 லட்சம்: 10% வரி பிடிப்பதா, பிடிக்காமல் அனுப்புவதா?

(2025 தொடக்கத்தில் மூவர் உரையாடியது. பிரிவு எண்களும் படிவங்களும் அப்போது நடப்பில் இருந்த 1961 வருமான வரிச் சட்டத்தின்படி.)

ஆலைக்கணக்கு: இயந்திரங்களின் அதிர்வை அளந்து அறிக்கை தர சிங்கப்பூர் நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய். பில் 2025 பிப்ரவரி தேதி, இன்னும் புத்தகத்தில் ஏற்றவில்லை. அவர்களுக்குப் பான் இல்லை. ஒப்பந்தப்படி வரி எங்கள் பொறுப்பு, அவர்களுக்கு முழுத்தொகை போக வேண்டும். ஆடிட்டர் 10% பிடிக்கச் சொல்கிறார், அவர்கள் வரியே இல்லை என்கிறார்கள்.

பற்றுவரவு: 10% கட்டிவிடுங்கள். வெளிநாட்டவரின் தொழில்நுட்பச் சேவைக் கட்டணத்துக்குப் பிரிவு 115ஏ விகிதம் 2023 ஏப்ரலிலிருந்து 20%, செஸ் சேர்த்தால் 20.8%. இந்தியா–சிங்கப்பூர் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தில் 10%தான், செஸ்ஸும் கிடையாது. வரி உங்கள் தலையில் என்பதால் பிரிவு 195ஏ-படி 10 லட்சத்தை 0.9 ஆல் வகுக்க வேண்டும்: 11,11,111 வரும், வரி 1,11,111. பிடிக்காமல் அனுப்பி அதிகாரி ஏற்கவில்லை என்றால் மொத்தச் செலவையும் உங்கள் வருமானத்திலிருந்து கழிக்க விடமாட்டார்கள். வரியும் மாதம் 1% வட்டியும் தனி.

நுணுக்கம்: அந்த வரி ஒப்பந்தத்தின் 12(4)-ஐப் பாருங்கள் சார். 'மேக் அவைலபிள்' நிபந்தனை இருக்கிறது. அடுத்த முறை அவர்கள் துணையில்லாமல் ஆலையே அந்த நுட்பத்தைப் பயன்படுத்த முடிந்தால்தான் அது இங்கே வரிக்கு உட்படும் தொழில்நுட்பச் சேவைக் கட்டணம். டி பீர்ஸ் வழக்கில் 2012இல் கர்நாடக உயர் நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: வான்வழி ஆய்வின் தரவையும் அறிக்கையையும் கொடுத்தார்கள், ஆய்வு நுட்பத்தைக் கொடுக்கவில்லை. வரிக்கு உட்படாத தொகைக்கு, வெளிநாட்டவருக்குப் பணம் தரும்போது வரி பிடிக்கச் சொல்லும் பிரிவு 195 பொருந்தாது என்பது 2010இல் ஜிஇ இந்தியா டெக்னாலஜி சென்டர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஜெர்மன் நிறுவனமாக இருந்தால் நானும் 10% என்றுதான் சொல்வேன், அந்த ஒப்பந்தத்தில் இந்த நிபந்தனை இல்லை.

உங்கள் 10% யாருக்குப் பாதுகாப்பு? 115ஏ விகிதத்துக்குக் குறையாமல் பிடித்திருந்தால்தான் வெளிநாட்டவருக்கு ரிட்டர்ன் விலக்கு. 10% பிடித்தால் அவர்கள் இங்கே பான் எடுத்து ரிட்டர்ன் போட வேண்டிவரும்.

பற்றுவரவு: ரிட்டர்ன் விஷயம் சரி. ஆனால் எந்த வழியில் போனாலும் காகிதம் வேண்டும். சிங்கப்பூர் வரித்துறை தரும் வசிப்பிடச் சான்று காலண்டர் ஆண்டுக்கு. பிப்ரவரி பில்லுக்கு 2024 சான்றை அனுப்புவார்கள், வாங்காதீர்கள், 2025 சான்று கேளுங்கள். வரி ஒப்பந்தச் சலுகைக்கான படிவம் 10எஃப்-ஐ அவர்கள் வருமான வரி போர்ட்டலில்தான் தாக்கல் செய்ய வேண்டும், பான் இல்லாதவர்களுக்கும் அங்கே தனிப் பதிவு உண்டு. கையெழுத்திட்ட ஸ்கேன் போதாது. இந்தியாவில் நிரந்தர நிலையம் (லாபத்துக்கு இங்கே வரி கட்ட வைக்கும் தொழில் இருப்பு) இல்லை என்ற உறுதிமொழி வேண்டும். அவர்கள் ஆட்கள் இங்கே இருந்த நாட்களையும் எண்ணுங்கள். நிதியாண்டில் 90 நாள் தாண்டினால் சேவையாலேயே நிரந்தர நிலையம் உண்டாகிவிடும்.

ஆலைக்கணக்கு: அதே பில்லில் மூன்று நாள் பயிற்சியும் அடக்கம். எங்கள் பொறியாளர்களே அளந்து முடிவு சொல்லக் கற்றுத்தருவார்கள்.

நுணுக்கம்: இதுதான் முக்கியமான தகவல். அந்தப் பயிற்சி 'மேக் அவைலபிள்'தான், அதில் எனக்கு வாதமில்லை. அதற்குத் தனி விலை வேண்டும். உதாரணமாக 2 லட்சம் என்றால் 0.9 ஆல் வகுத்து 2,22,222, வரி 22,222. மீதி 8 லட்சம் வரிக்கு உட்படாதது என்று, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது தரும் படிவம் 15சிஏ-வின் பகுதி டி-யில் போகும். பான் இல்லாததால் 20% பிடிக்கச் சொல்லும் பிரிவு 206ஏஏ-வும் தடையல்ல: பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி, அவர்கள் நாட்டு வரி எண், வசிப்பிடச் சான்று ஆகியவற்றைக் கொடுத்தால் விதி 37பிசி விலக்குத் தருகிறது.

பற்றுவரவு: பில் வந்த பிறகு பிரித்த விலையை அதிகாரி ஏன் நம்ப வேண்டும்? ஒப்பந்தத்திலோ அவர்கள் கொடுத்த விலைப்புள்ளியிலோ பயிற்சிக்குத் தனித் தொகை குறித்திருந்தால் பிரியுங்கள். இல்லையென்றால் படிவம் 15இ-யில் 195(2) மனு போட்டு எவ்வளவுக்கு வரி என்று உத்தரவு வாங்குங்கள். அதுவரை பணத்தை நிறுத்தினால் மட்டும் போதாது. பணம் கொடுப்பது, கணக்கில் வரவு வைப்பது, இதில் எது முந்தியதோ அன்றே பிடிக்க வேண்டும். மார்ச் 31 ப்ரொவிஷனில் (தர வேண்டிய செலவுக்கான ஆண்டு முடிவு ஒதுக்கீட்டில்) ஏற்றினாலும் அப்படியே.

நுணுக்கம்: மார்ச்சுக்குள் உத்தரவு வராவிட்டால் முழுத்தொகைக்கும் 10% கட்டிவிட்டு பிரிவு 239ஏ-யில் ரீஃபண்ட் கேட்கலாம். வரியை நீங்களே ஏற்பதாக ஒப்பந்தத்தில் இருப்பதால் அந்த வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது. வரி கட்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் மனு போக வேண்டும். கேட்பது அறிக்கைக்கான பங்குக்கு மட்டும், பயிற்சியை அதில் சேர்க்காதீர்கள்.