ஜனவரி 6 வரை பார்சலோனாவில்

*நம் வீட்டார் குழு*

செல்வின்: அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டுக் கிறிஸ்துமஸைப் பார்சலோனாவில் மெர்சியின் வீட்டில் கொண்டாடுவது என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். டிசம்பர் 22 காலையில் அங்கே இறங்கி, 28 அன்று புறப்படலாம் என்று எண்ணுகிறேன். விசா விண்ணப்பத்தில் போகும் நாளையும் திரும்பும் நாளையும் எழுத வேண்டியிருக்கிறது. மெர்சி, இந்தத் தேதிகள் உனக்குச் சரிப்படுமா என்று இன்றே சொல்லிவிடு.

மெர்சி: அண்ணா, வருகிற தேதி மிகவும் சரி, திரும்புகிற தேதியை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள். இந்த ஊரில் கிறிஸ்துமஸ் 25ஆம் தேதியோடு முடிந்துவிடுவதில்லை. பிள்ளைகள் ஆண்டு முழுவதும் காத்திருப்பது ஜனவரி 5ஆம் தேதி மாலைக்கும், மறுநாள் வருகிற மூன்று ராஜாக்கள் திருநாளுக்கும்தான். அதற்கு முன்பே புறப்படுவது, கொடியேற்றம் பார்த்துவிட்டுத் தேரோட்டம் பார்க்காமல் ஊர் திரும்புவதற்குச் சமம்.

ஜெனிபர்: மெர்சி, அரையாண்டு விடுமுறை முடிந்து ஜனவரி முதல் வாரத்திலேயே பள்ளி திறந்துவிடும். பிள்ளைகள் சில நாட்கள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும் என்பதால்தான் உன் அண்ணன் 28 என்று குறித்தார். அத்தனை நாள் தங்குவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் விளக்கமாக எழுதினால், நான் யோசித்துச் சொல்கிறேன்.

பெரியப்பா: எழுதம்மா மெர்சி. எங்களால் அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியாது. நீ எழுதுவதைப் படித்துத்தான் நானும் உன் பெரியம்மாவும் அந்த ஊர்ப் பண்டிகையைப் பார்க்கப் போகிறோம்.

மெர்சி: கட்டாயம் எழுதுகிறேன், பெரியப்பா. 22ஆம் தேதி காலையில் அண்ணன் வந்து இறங்கும்போதே, காப்பிக் கடைகளில் தொலைக்காட்சியிலும் டாக்சிகளில் வானொலியிலும் பிள்ளைகள் எண்களை ராகமாகப் பாடுகிற குரல் கேட்கும். மாட்ரிட்டில் நடக்கும் கிறிஸ்துமஸ் லாட்டரிக் குலுக்கல் அது. 1812ஆம் ஆண்டு காதிஸ் நகரில் தொடங்கிய அந்தக் குலுக்கலில், சான் இல்தெபோன்சோ என்னும் பள்ளியின் மாணவர்கள் பரிசு எண்ணையும் தொகையையும் பாடித்தான் அறிவிப்பார்கள். ஸ்பெயின் முழுவதற்கும் பண்டிகை தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

மெர்சி: பயணக் களைப்பு இருந்தாலும் மறுநாளே உங்களைப் பேராலயத்தின் முன்னால் நடக்கும் புனித லூசியா சந்தைக்கு அழைத்துச் செல்வேன். நவம்பர் இறுதியில் தொடங்கும் அந்தச் சந்தை, வழக்கமாக 23ஆம் தேதியோடு கலைந்துவிடும் என்பதால் அதைத் தள்ளிப்போட முடியாது. 1786ஆம் ஆண்டிலிருந்தே அதைப் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. லூசியாவின் திருநாளான டிசம்பர் 13ஐ ஒட்டி, குடிலுக்கு வேண்டிய பொருள்களை விற்பதற்காக ஏற்பட்ட சந்தை என்பதால், இன்றும் அங்கே குடில் பொருள்களுக்குத்தான் முதலிடம். சுடுமண் இடையர்கள், ஆடுகள், சிறு பாலங்கள், மலை அமைப்பதற்கான தக்கை மரப்பட்டை எல்லாம் கிடைக்கும். இங்குள்ளவர்கள் அமைக்கிற குடிலில் பெத்லகேம் பாலைவனத்தில் இருப்பதில்லை. பார்சலோனா இருக்கும் கத்தலோனியாப் பகுதியின் பனிமலையும், கல்லால் கட்டிய பண்ணை வீடும், கிணறும், ஓடையும் சூழ்ந்த கிராமத்தில்தான் பாலன் பிறக்கிறார். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது இதுதான்.

ரோஸி அத்தை: கேட்கும்போதே ஆசையாக இருக்கிறது. நம் வீட்டுக் குடிலில் வைப்பதற்கு ஒரு சுடுமண் இடையர் சிலையைச் செல்வின் கையில் கொடுத்து அனுப்பு, மெர்சி. அந்தக் குடில்களில் மலம் கழிக்கும் நிலையில் ஒரு மனிதனின் சிலை இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அது உண்மையா?

மெர்சி: உண்மைதான், அத்தை. அந்தச் சிலைக்குக் ககனேர் என்று பெயர். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் சிவப்புக் குல்லாயும் அணிந்த ஒரு குடியானவன், குடிலின் ஓரத்தில், ஏதாவது ஒரு புதருக்கோ பாலத்துக்கோ பின்னால் குந்தியிருப்பான். பாலனின் அருகில் அவனை ஒருபோதும் வைக்க மாட்டார்கள். அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தேடிக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு.

பெரியப்பா: திருக்குடும்பத்தை வைத்திருக்கும் இடத்தில் அப்படி ஒரு சிலை என்றால், எனக்கு மனம் ஒப்பவில்லை. கோயிலில் உள்ளவர்கள் இதை மறுத்துச் சொல்வதில்லையா?

மெர்சி: உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது, பெரியப்பா. ஆனால் இங்குள்ளவர்கள் அதை அவமரியாதையாகக் கருதுவதில்லை. அவன் உழவன்; நிலத்துக்கு உரமிடுகிறவன்; வருகிற ஆண்டில் விளைச்சல் நன்றாக இருக்கும் என்பதற்கு அவன் அறிகுறி. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாக இந்த வழக்கம் இருந்துவருகிறது. 2005ஆம் ஆண்டு நகராட்சி தான் அமைத்த குடிலில் அவனை வைக்காமல் விட்டுவிட்டது. மக்களிடமிருந்து எதிர்ப்புக் கிளம்பவே அடுத்த ஆண்டு அவன் திரும்ப வந்துவிட்டான். அரசியல்வாதிகள், கால்பந்து வீரர்கள் உருவத்திலும் இப்போது இந்தச் சிலைகளை விற்கிறார்கள். எனக்கு அவை வேண்டியதில்லை. சிவப்புக் குல்லாய் அணிந்த பழைய குடியானவன்தான் குடிலுக்குப் பொருந்துகிறான்.

பெரியப்பா: உழவனும் அவன் நிலமும் பாலனின் பிறப்பில் பங்கு பெறுகின்றன என்று எடுத்துக்கொண்டால், அதில் ஒரு நியாயம் தெரிகிறது. மேலே சொல்.

மெர்சி: அண்ணி, உங்கள் பிள்ளைகள் மிகவும் மகிழப்போவது 24ஆம் தேதி இரவில்தான். தியோ என்று ஒரு மரக்கட்டை உண்டு. முன்பக்கம் இரண்டு கால்கள் பொருத்தி, முகம் வரைந்து, சிவப்புக் குல்லாய் போட்டிருப்பார்கள். டிசம்பர் 8ஆம் தேதி, அமல உற்பவ அன்னையின் திருநாளன்று, அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, குளிராமல் இருக்கக் கம்பளி போர்த்தி, அன்று முதல் ஒவ்வோர் இரவும் ஆரஞ்சுத் தோலும் ரொட்டித் துண்டும் ஊட்டுவது பிள்ளைகளின் பொறுப்பு. மறுநாள் காலையில் உணவு காணாமல் போயிருக்கும். 24ஆம் தேதி இரவு, பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே கட்டையைக் குச்சியால் அடிக்க வேண்டும். பிறகு கம்பளியைத் தூக்கிப் பார்த்தால், உண்ட உணவுக்கு ஈடாகத் தியோ கழித்துவைத்த இனிப்புகளும் உலர்ந்த அத்திப்பழங்களும் சிறு பரிசுகளும் இருக்கும். அடிப்பதற்கு முன் பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பி ஜெபம் செய்யச் சொல்வார்கள். அந்த இடைவெளியில்தான் பெரியவர்கள் கம்பளிக்கு அடியில் எல்லாவற்றையும் வைப்பார்கள். நீங்கள் வரும் வரையில் உங்கள் பிள்ளைகளின் சார்பில் நானே எங்கள் தியோவுக்கு உணவு கொடுத்து வருகிறேன் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

ஜெனிபர்: சின்னவன் இப்போதே குச்சி தேடக் கிளம்பிவிட்டான். கட்டையை ஏன் அடிக்க வேண்டும் என்று பெரியவள் கேட்கிறாள்.

மெர்சி: முற்காலத்தில் பண்ணை வீடுகளில் குளிர்கால இரவுகளில் அடுப்பில் எரிந்து வீட்டுக்கு வெப்பமும் வெளிச்சமும் தந்த கட்டைதான் இன்று இனிப்பும் தருகிறது என்று அவளிடம் சொல்லுங்கள், அண்ணி. மரத்தை உலுக்கிக் கனியை உதிர்ப்பது போன்றதே இந்த அடி. ககனேரும் தியோவும் ஒரே மண்ணிலிருந்து வந்தவை என்று நான் நம்புகிறேன். எத்தனை பெரிய நகரமாக வளர்ந்தாலும், பார்சலோனா தன் கிறிஸ்துமஸை உழவர் வீட்டிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருக்கிறது. அன்று இரவு திருப்பலிக்குப் போய் வந்து உறங்கலாம்.

ரோஸி அத்தை: 25ஆம் தேதி உணவு என்ன?

மெர்சி: எஸ்குதேய்யா என்னும் சூப், அத்தை. எலும்பும் இறைச்சியும் காய்களும் கொண்டைக்கடலையும் ஒரே பெரிய பானையில் நெடுநேரம் கொதிக்கும். அந்தச் சாற்றில் நத்தை ஓட்டின் வடிவத்தில் உள்ள பெரிய பாஸ்தாவை வேகவைத்து முதலில் பரிமாறுவார்கள். பிறகு அதே பானையிலிருந்து இறைச்சியும் காய்களும், கையளவு பெரிய கொத்துக்கறி உருண்டையும் தட்டுக்கு வரும். மீந்துபோன இறைச்சியை அரைத்து, பாஸ்தாத் தாளில் சுருட்டி, வெள்ளைச் சாஸ் ஊற்றிச் சுட்டு, மறுநாள் புனித ஸ்தேவான் திருநாளில் உண்பார்கள். ஸ்பெயினின் பெரும்பாலான இடங்களில் 26ஆம் தேதி விடுமுறை இல்லை, கத்தலோனியாவில் உண்டு. உணவு முடிந்ததும் துர்ரோன் என்னும் பாதாம் மிட்டாய் வரும். தேனும் பாதாமும் முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்த்து அலிகாந்தே பகுதியில் செய்வது அது. பல்லுக்குக் கடினமானது ஒரு வகை, வாயில் கரைவது மற்றொரு வகை. பெரியம்மாவுக்குக் கரைகிற வகையை அனுப்புகிறேன்.

செல்வின்: 25ஆம் தேதி காலையில் வெளியே பார்ப்பதற்கு ஏதேனும் உண்டா? கடைகள் எல்லாம் மூடியிருக்கும் என்று நினைக்கிறேன்.

மெர்சி: கடைகள் மூடியிருக்கும், அண்ணா, ஆனால் துறைமுகத்துக்குப் போகலாம். 1907ஆம் ஆண்டு முதல் கிறிஸ்துமஸ் நாளன்று பழைய துறைமுகத்தின் குளிர்ந்த நீரில் 200 மீட்டர் நீச்சல் போட்டி நடக்கிறது. நீங்கள் கம்பளி மேலங்கியோடு கரையில் நின்று கைதட்டினால் போதும். அடுத்து வரும் நாட்களில் ஒருநாள் காலையில் சக்ராதா ஃபமீலியா என்னும் பெரிய தேவாலயத்துக்குப் போவோம். காலை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: கிறிஸ்து பிறப்பைச் சித்திரிக்கும் முகப்பு வடகிழக்கைப் பார்த்து நிற்பதால் காலை வெயில் அதன்மேல்தான் விழும். அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் கௌதி 1926இல் இறப்பதற்கு முன் தம் கண்ணெதிரே பெரும்பகுதி எழுந்து நிற்கக் கண்ட முகப்பு அது. சிற்பங்களுக்காக உயிருள்ள மனிதர்களையும் விலங்குகளையும் கொண்டே அவர் சுண்ண அச்சு எடுத்தார். இரண்டு தூண்களைத் தாங்கும் ஆமைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: கடல் பக்கம் இருப்பது கடலாமை, மலைப் பக்கம் இருப்பது நில ஆமை. அன்று மாலையே அங்கே திரும்பப் போனால், 2021ஆம் ஆண்டு டிசம்பர் 8 அன்று முதன்முதலாக ஏற்றப்பட்ட அன்னை மரியா கோபுரத்தின் நட்சத்திரம், 138 மீட்டர் உயரத்தில் ஒளிர்வதைக் காணலாம். வீதி விளக்குகள் கிராசியா அவென்யூவில் அழகாகத்தான் இருக்கும். என்றாலும் இந்த ஒற்றை நட்சத்திரத்துக்கு அவை ஈடாகா.

செல்வின்: இதுவரை நீ சொன்ன அனைத்தும் 28ஆம் தேதிக்குள் முடிந்துவிடுகிறதே, மெர்சி.

மெர்சி: 28ஆம் தேதியே ஒரு கொண்டாட்டம், அண்ணா. மாசில்லாக் குழந்தைகள் திருநாளான அன்று, காகிதத்தில் வெட்டிய மனித உருவத்தை ஒருவருக்கொருவர் தெரியாமல் முதுகில் ஒட்டி மகிழ்வார்கள். 31ஆம் தேதி நள்ளிரவில், கடிகாரம் அடிக்கும் பன்னிரண்டு அடிகளுக்கும் ஒவ்வொன்றாகப் பன்னிரண்டு திராட்சைகளை உண்டு புத்தாண்டைத் தொடங்குவோம். ஆனால் நான் உங்களைத் தங்கச் சொல்வது இவற்றுக்காக அல்ல.

மெர்சி: ஜனவரி 5ஆம் தேதி மாலையில் மூன்று ராஜாக்களும் இந்த ஊருக்குக் கடல் வழியாக வருகிறார்கள். கடல்சார் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான சாந்தா எயுலாலியா என்னும் பழைய பாய்மரக் கப்பல், 1918இல் கட்டப்பட்டது, அவர்களைச் சுமந்துகொண்டு துறைமுகத்துக்குள் நுழையும். மேயர் காத்திருந்து அவர்களுக்கு ரொட்டியும் உப்பும் கொடுத்து வரவேற்று, நகரின் சாவியை ஒப்படைப்பார். அந்தச் சாவி இருந்தால் அன்றிரவு எல்லா வீட்டுக் கதவுகளும் அவர்களுக்குத் திறக்கும் என்பது பிள்ளைகளின் நம்பிக்கை. பிறகு தேர் போன்ற பெரிய வாகனங்களில் மெல்கியோர், கஸ்பார், பல்தசார் மூவரும் நகர வீதிகளில் பவனி வருவார்கள். மிட்டாய்கள் மழையாகப் பொழியும். பிள்ளைகள் கையில் விளக்குக் கூண்டுகளை ஏந்தி, தங்களுக்குப் பிடித்த ராஜாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். வீடு திரும்பியதும் காலணிகளைச் சுத்தம் செய்து வைத்து, ஒட்டகங்களுக்குத் தண்ணீரும் ராஜாக்களுக்கு ஏதேனும் பலகாரமும் வைத்துவிட்டு உறங்கப் போவார்கள். பெரிய பரிசுகள் 6ஆம் தேதி காலையில்தான் கிடைக்கும். அன்று மதியம் வளைய வடிவக் கேக் வெட்டுவோம். அதனுள் ஒரு ராஜா பொம்மையும் ஓர் அவரை விதையும் மறைந்திருக்கும். பொம்மை கிடைத்தவருக்குக் காகிதக் கிரீடம், விதை கிடைத்தவர் கேக்குக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

பெரியப்பா: செல்வின், நான் ஒன்று சொல்கிறேன். நம் சிறுபிராயத்தில் மூன்று ராஜாக்கள் திருநாளன்று குடிலில் அந்த மூன்று சிலைகளையும் பாலன் அருகே நகர்த்தி வைக்கிற உரிமைக்காகப் பிள்ளைகளுக்குள் எத்தனை போட்டி நடக்கும் என்பது உன் அப்பாவுக்கும் எனக்கும் தெரியும். அந்த ராஜாக்கள் ஒரு நகரத்துக்கே வந்து இறங்குவதைப் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும். பள்ளிப் பாடத்தை வந்தபின் படித்துக்கொள்ளலாம்.

ஜெனிபர்: பெரிய மாமா சொன்ன பிறகு நான் மறுப்பதற்கில்லை. வகுப்பு ஆசிரியையிடம் முன்கூட்டியே விடுப்புக் கடிதம் கொடுத்துவிடுகிறேன். ஆனால் மெர்சி, அந்தக் கூட்டத்தில் சின்னவனை வைத்துக்கொண்டு நிற்க முடியுமா?

மெர்சி: முடியும், அண்ணி. துறைமுகத்தின் அருகே நெரிசல் அதிகம் என்பதால், பவனி செல்லும் பாதையில் சற்றுத் தள்ளி ஒரு தெருமுனையைப் பிடித்து, ஒரு மணி நேரம் முன்பே நின்றுவிடுவோம். மிட்டாய் சேகரிக்க ஆளுக்கொரு துணிப்பை எடுத்துக்கொள்வோம்; கையுறையும் காதை மூடும் தொப்பியும் பிள்ளைகளுக்கு மறக்காமல் கொண்டுவாருங்கள்.

செல்வின்: சரி, முடிவு இதுதான்: டிசம்பர் 22 வருகை, ஜனவரி 7 புறப்பாடு. இன்று இரவே விண்ணப்பத்தை நிரப்பிவிடுகிறேன்.

மெர்சி: மிக்க மகிழ்ச்சி, அண்ணா! பிள்ளைகள் இருவரும் ராஜாக்களுக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதிக் கொண்டுவர வேண்டும். ஜனவரி 5க்கு முந்தைய நாட்களில் ராஜாக்களின் தபால்காரர்கள் வந்து பிள்ளைகளிடம் நேரில் கடிதம் வாங்கிக்கொள்வார்கள். தமிழிலேயே எழுதலாம், எந்த ராஜாவுக்கு எழுதுகிறார்கள் என்பதை மட்டும் உறையின் மேல் தெளிவாகக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

ஜெனிபர்: பெரியவள் பல்தசாருக்கு எழுதுகிறாளாம். சின்னவன் மூவருக்கும் எழுதப்போவதாகச் சொல்கிறான்.