மழையில றம்பொடை இறக்கத்துல ரோட்ஸ்டர் பின்பக்கம் வழுக்குது, உதவி பண்ணுங்க

நுவரெலியா_ரோட்ஸ்டர்:
வணக்கம். எங்கிட்ட 1991 யூனோஸ் ரோட்ஸ்டர், மஸ்டாவோட ரெண்டு சீட்டு கார், இருக்கு, 1.6, மெனுவல், ஏபிஎஸ் இல்ல. காஞ்ச ரோட்டுல ஒரு பிரச்சினையும் இல்ல. போன ஞாயிறு புசல்லாவைக்கு இறங்குறப்ப லபுக்கலை தாண்டி நல்ல மழை, பனி வேற, 35லதான் வந்தேன், ஒரு வலது கொண்டை ஊசியில திருப்பிக்கிட்டே மூணுல இருந்து ரெண்டுக்கு போட்டு கிளச்ச விட்டதும் பின்பக்கம் அப்படியே இடது பக்கம் போயிருச்சு. பயத்துல பிரேக்க மிதிச்சேன், இன்னும் மோசமாச்சு. ஸ்டேரிங்க இடதுக்கு ஒடிச்சு இறுக்கிப் புடிச்சேன், திடீர்னு டயர் புடிச்சு கார் ரோட்டோர கான் (வடிகால்) பக்கம் பாஞ்சு ஒரு சாண் முன்னுக்கு நின்னுச்சு. பக்கத்துல தங்கச்சி இருந்தா, அவ முகத்த மறக்க முடியல. ஸ்பீடும் இல்ல, ஆக்சலேட்டரும் மிதிக்கல, அப்புறம் எப்படி ஓவர்ஸ்டியர், அதான் பின்பக்கம் இப்படி வெளிய வழுக்குறது, வந்துச்சு?

தலவாக்கலை_லொறி:
தம்பி, பின்பக்கம் பாரம் இல்லாததுதான். டிக்கில ரெண்டு மணல் மூட்டை போடுங்க.

கம்பளை_கராஜ்:
அண்ணே, வெறும் லொறிக்கு அது சரி, இந்தக் காருக்கு வேணாம். பின் அச்சுக்கு அங்கிட்டு பாரம் வச்சா, ஒருக்கா சுத்த ஆரம்பிச்சா நிப்பாட்டுறது இன்னும் கஷ்டம்.

தம்பி, நீங்க கிளச்ச விட்ட விதம்தான் காரணம். ரெண்டாம் கியர்ல 35ல போறப்ப இன்ஜின் சுமார் 2600ல சுத்தணும். கிளச்ச மிதிச்சு வச்சிருந்தா அது 900க்கு விழுந்துரும். படக்குனு விட்டா அந்த இன்ஜின இழுத்து சுத்த வைக்குற வேலை முழுசும் பின் டயர் ரெண்டுக்கும்தான், ஈர ரோட்டுல அது ஹேண்ட்பிரேக் இழுத்த மாதிரி. இதே தப்ப ஆல்ட்டோவுல பண்ணா முன் வீல் இழுபட்டு கார் நேரா போகும், உங்களது பின் வீல் டிரைவ். இறக்கத்துல பாரமும் முன்னுக்கு சாஞ்சிருக்கும், நீங்க பிரேக்க மிதிச்சதுல பின்பக்கம் இன்னும் லேசாயிருச்சு. 1934ல இருந்து நடக்குற மஹகஸ்தோட்டை ஹில் கிளைம்ப, அதான் மலை ஏறுற கார் ரேஸ, பாத்துட்டு அதே மாதிரி வளைக்கலாம்னு பையன்கள் நினைக்குறாங்க, ஆனா அது ஏத்தம், பாரம் பின் வீல் மேல இருக்கும், ரோட்டையும் மூடியிருப்பாங்க.

கியர வளைவுக்கு முந்தியே, கார் நேரா இருக்குறப்ப இறக்குங்க. கிளச்ச விடுறதுக்கு முந்தி ஆக்சலேட்டர ஒரு தட்டு தட்டி இன்ஜின தூக்கிட்டு மெதுவா விடுங்க. அப்படியும் வழுக்கினா உடனே கிளச்ச மிதிங்க, பின் வீல் திரும்ப உருள ஆரம்பிக்கும், பிரேக்க தொடாதீங்க. ஸ்டேரிங்க வழுக்குற பக்கம் திருப்புங்க, ஆனா இறுக்கிப் புடிக்காதீங்க, பின்பக்கம் திரும்பி வர வர ஸ்டேரிங்கும் கைக்குள்ள வழுகி நேராகணும். நீங்க புடிச்சு வச்சதாலதான் கான் பக்கம் பாஞ்சுச்சு. கண்ணு போக வேண்டிய ரோட்டுல இருக்கட்டும், கானப் பாத்தா கை அங்கதான் போகும்.

பின் டயர் எந்த வருஷம்? காத்து எவ்வளவு?

நுவரெலியா_ரோட்ஸ்டர்:
இப்பதான் டார்ச் அடிச்சு பாத்தேன், பின் ரெண்டுலயும் 3214னு இருக்கு. டயர் பூ (மேல இருக்குற வெட்டு) நல்லா இருக்கு. காத்து 32, கடையில எப்பவும் அதான் அடிப்பாங்க.

கம்பளை_கராஜ்:
3214ன்னா 2014, 32ஆவது வாரம். பூ இருந்து பிரயோசனம் இல்ல, ரப்பர் காஞ்சு கல்லாயிருக்கும், நகத்தால அமுக்கிப் பாருங்க. முன் டயரும் அதே வயசுன்னா நாலையும் மாத்துங்க. காத்து இந்தக் காருக்கு முன்னுக்கும் பின்னுக்கும் 26தான், டயர் சூடாகுறதுக்கு முந்தி பாக்கணும். பழகுறதுக்கு ரோட்டுக்கு போகாதீங்க. சொந்தக்காரங்கிட்ட கேட்டு மதிலோ மரமோ இல்லாத கிரவுண்ட்ல, நனஞ்சிருக்குறப்ப, 20ல ஆரம்பிங்க.

நுவரெலியா_ரோட்ஸ்டர்:
அண்ணே ரொம்ப நன்றி. நகம் இறங்கவே இல்ல, நாலையும் மாத்திட்டேன், 26 வச்சிருக்கேன். சித்தப்பா வேலை செய்ற தோட்டத்துல தொரைகிட்ட கேட்டு கிரவுண்ட்ல ரெண்டு மணித்தியாலம் பழகினேன். வேணும்னே கிளச்ச விட்டு வழுக்க வச்சேன், மொதல் ஆறேழு தடவ முழுசா சுத்திருச்சு, அப்புறம் சீட்டுல இடுப்பு நகருறப்பவே கால் தானா கிளச்சுக்கு போகுது. ஆக்சலேட்டர தட்டுறது மட்டும் இன்னும் சரியா வரல, அடுத்த ஞாயிறும் போறேன். தங்கச்சியும் வாறேன்னு சொல்லியிருக்கா, கிரவுண்ட் ஓரத்துல நின்னு பாக்க.