ரசீதில் 20.3 யூனிட், காரில் ஏறியது 17 தான். மிச்சம் எங்கே?

கோண்டாவில்காரன்:
வணக்கம். மின்சாரக் கார் எடுத்து இரண்டு மாதம். வழமையாக வீட்டில்தான் சார்ஜ் போடுவேன், நேற்று அவசரத்துக்கு யாழ் நகரில் ஓரிடத்தில் மூன்றரை மணித்தியாலம் போட்டேன். ரசீதில் 20.3 யூனிட், கார்த் திரையில் 17.0. நின்ற பெடியனிடம் கேட்டால் "மீற்றர் காட்டுறதுக்குத்தான் அண்ணை காசு" என்கிறான். ஏறாத 3.3 யூனிட்டுக்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும்? மீற்றர் பிழையா, கார் பிழையா?

பழைய வயர்மன்:
தம்பி, இரண்டும் சரியாகவே இருக்கலாம், அளக்கிற இடம்தான் வேறு. மீற்றர் வயர் வழியாகப் போகிற ஏசி கரண்டை, அதாவது திசை மாறி மாறி ஓடுகிற கரண்டை எண்ணுகிறது. கார் பற்றரிக்குள் போய்ச் சேர்ந்த டிசியை, அதாவது ஒரே திசையில் ஓடுகிற கரண்டை மட்டும் எண்ணுகிறது. இரண்டுக்கும் நடுவில் காருக்குள் இருக்கிற சார்ஜர் ஏசியை டிசியாக மாற்றும்போது ஒரு பங்கு சூடாகப் போய்விடும். அதோடு சார்ஜ் முடியும்வரை காரின் கணினி, பம்ப் எல்லாம் விழித்திருக்கும், அதுவும் அதே கரண்டில்தான். நூற்றுக்கு 10 முதல் 15 வரை போவது வழமை. உங்களுக்கு 16 வருகிறது, கொஞ்சம் கூட. காருக்குள் குளிரூட்டி போட்டுக்கொண்டு இருந்தீர்களா?

கோண்டாவில்காரன்:
ஓம் அண்ணை, கடைசி ஒரு மணித்தியாலம் மனுசியும் பிள்ளையும் உள்ளே இருந்தார்கள். அந்த வெயிலில் வெளியே நிற்க ஏலாது.

பழைய வயர்மன்:
அப்போ அதிலேயே ஒரு யூனிட் போயிருக்கும். மிச்சம் 2.3 தான், அது நியாயமான கணக்கு. பெடியனைக் கோபிக்காதீர்கள்.

சாவகச்சேரி அக்கா:
வீட்டில் சாதாரண பிளக்கில் போட்டால் இழப்பு இதைவிடக் கூட, அதை ஒருவரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் வீட்டு பில்லில் கலந்து வருகிறது. 10 அம்பியரில் 2.3 கிலோவாட், 8 மணித்தியாலம் போட்டால் 18.4 யூனிட். கார் விழித்திருக்க 300 வாட் எடுக்கிறது என்று வையுங்கள், அதுக்கே 2.4 யூனிட். அதே 18.4 யூனிட்டை 7 கிலோவாட்டில் ஏற்றினால் மூன்று மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும், அந்த 2.4 ஒரு யூனிட்டுக்குக் கீழே இறங்கும். நான் சார்ஜருக்கென்று தனி மீற்றர் பூட்டின பிறகுதான் இது தெரிந்தது. அப்புறம் ஒன்று, பிளக்கோ எக்ஸ்டென்ஷன் வயரோ தொட்டால் சுடுகிறது என்றால் அது கரண்ட் வீணாகிறது மட்டுமில்லை, வீடு எரிகிற விஷயம். உடனே நிறுத்தி ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

லீஃப் ஓட்டி:
சிலர் சதவீதத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள், அது சரிவராது. என்னுடையது பழைய நிசான் லீஃப், புதிதில் 24 யூனிட் பற்றரி. 50 சதவீதம் ஏறினால் 12 யூனிட் என்று நினைத்தேன். பற்றரி தேய்ந்துவிட்டது, 50 சதவீதம் இப்போ 9 யூனிட்தான். யூனிட்டை யூனிட்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

கோண்டாவில்காரன்:
இன்று அதே இடத்தில், காரைப் பூட்டிவிட்டு, குளிரூட்டி இல்லாமல் சார்ஜ் போட்டுப் பார்த்தேன். ரசீது 11.4, கார் 10.1. நூற்றுக்கு 11 சொச்சம். அந்தப் பெடியனிடம் மன்னிப்புக் கேட்டேன். அக்கா, நாளைக்கே தனி மீற்றர் பூட்ட ஆள் பார்க்கிறேன்.